செவ்வாய்ப்பேட்டை: கொலுசுத் தெருவைப் பற்றி வாசகர்கள் கேட்டவை

சேலத்துக் கடைவீதிகளில் செவ்வாய்ப்பேட்டை பஜாரைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை கொலுசு பற்றியவை. வெல்லம், தட்டு வடை, ஆடித் திருவிழா பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

ஆத்தூர் வாசகி: செவ்வாய்ப்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது? செவ்வாய் கிரகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிரகத்துக்கு வேலையே இல்லை. செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய பேட்டை, அவ்வளவுதான். வெளியூர் வியாபாரிகள் வண்டியை அவிழ்த்துவிட்டு, சரக்கை இறக்கி, தங்கி விற்கிற இடத்துக்குப் பேட்டை என்று பெயர். சேலத்தில் அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை என்று பேட்டைகளுக்குப் பஞ்சமில்லை. சந்தை கூடும் கிழமையையே பெயராக வைத்துக்கொண்டது இந்தப் பேட்டை.

சந்தை என்ற அடையாளம் ரயில்வே பலகையிலும் இருக்கிறது. சேலம் ஜங்ஷனிலிருந்து விருத்தாசலம் போகிற பாதையில் டவுன் ஸ்டேஷனுக்கு முன்பே ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். பெயர் சேலம் மார்க்கெட். அந்த மார்க்கெட் இந்தப் பகுதிதான். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், பழைய ஊரைவிட்டு மேற்கே தள்ளி. அதனால்தான் ஒரே ஊருக்குள் ஜங்ஷன், மார்க்கெட், டவுன் என்று மூன்று நிறுத்தம்.

தர்மபுரி வாசகர்: வெள்ளிக் கொலுசுக்கு இவ்வளவு பேர் வாங்கிய ஊரில் வெள்ளிச் சுரங்கம் இருக்கிறதா?

இல்லை. சேலத்து மண்ணில் கிடைப்பது வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட்டும், கஞ்சமலைப் பக்கம் இரும்புத் தாதுவும். வெள்ளி கட்டியாக வெளியிலிருந்துதான் வருகிறது. சேலத்தின் சொத்து கைவேலை.

நாமக்கல் வாசகி: பஜாரில் எங்கே பார்த்தாலும் கொலுசுக் கடை. ஆனால் கொலுசு செய்வதை எங்கும் பார்க்க முடியவில்லையே. எங்கே செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. பலர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டே திரும்பிவிடுகிறார்கள். ஒரு கொலுசு ஒரு கூரையின்கீழ் உருவாவது அபூர்வம். செவ்வாய்ப்பேட்டையின் சந்துகளிலும், சுற்றுப்புற ஊர்களான சிவதாபுரம், பனங்காடு போன்ற இடங்களிலும் வீட்டுப் பட்டறைகள் இருக்கின்றன. உருக்குகிற பட்டறை வேறு, கம்பி இழுக்கிற பட்டறை வேறு, சலங்கை அடிக்கிறவர் வேறு, பற்ற வைக்கிறவர் வேறு, மெருகு போடுகிறவர் வேறு. பல வீடுகளில் பெண்கள் வளையங்களைக் கோத்தும் சலங்கை கட்டியும் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கைக்கும் வெள்ளி எடை போட்டுப் போகும், எடை போட்டுத்தான் திரும்பும். அரத்தூள் ஒரு சிட்டிகை குறைந்தாலும் கணக்கு இடிக்கும். அதனால் பட்டறையில் பெருக்கிய குப்பைக்கும் விலை உண்டு.

வேலை இப்படிப் போகும். சுத்த வெள்ளி மிகவும் மெத்து. அப்படியே கொலுசு செய்தால் நடக்க நடக்க வளையங்கள் வாய் திறந்துகொள்ளும். அதனால் செம்பு சேர்த்து உருக்குவார்கள். சுத்த வெள்ளி உருகும் சூடு ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸ். செம்பு சேரச் சேர அது இறங்கும். 72 பங்கு வெள்ளிக்கு 28 பங்கு செம்பு என்ற கலவையில் 780 டிகிரியை ஒட்டி உருகிவிடும்.

வார்த்த கட்டியை உருளையில் கொடுத்து மெலிதாக்கி, அச்சுத் தகட்டின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக் கம்பியாக்குவார்கள். சில துளைகள் தாண்டியதும் கம்பி விறைத்துவிடும். அப்போது நிறுத்தி, மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆற்ற வேண்டும். அவசரப்பட்டு இன்னொரு துளை இழுத்தால் கம்பி அறும், அல்லது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அந்த வெடிப்பு பட்டறையில் தெரியாது. ஆறு மாதம் கழித்து, போட்டிருப்பவர் காலில் தெரியும். சூட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பதால்தான் காய்ச்சுகிற மூலையை வெளிச்சம் குறைவாக வைத்திருக்கிறார்கள். வெயிலில் மங்கல் சிவப்பு தெரியாது, கூடுதலாகக் காய்ச்சிவிடுவார்கள். அதிகம் காய்ந்தால் உள்ளிருக்கும் செம்பு கருகி, எவ்வளவு மெருகு போட்டாலும் போகாத சாம்பல் திட்டு நிற்கும்.

காய்ச்சிய கம்பியை ஒரு கோலில் சுருளாகச் சுற்றி, நெடுக வெட்டினால் வளையங்கள் உதிரும். அவற்றைக் கோத்து வாயை மூடிப் பற்ற வைக்க வேண்டும். இதுதான் கொலுசின் உயிர்நாடி. வெண்காரத்தைத் தண்ணீரில் குழைத்து மூட்டில் தடவி, மேலே பொடி தூவி, நெருப்பை ஊதுவார்கள். பொடி என்பது கொலுசைவிடக் குறைந்த சூட்டில் உருகும் வெள்ளிக் கலவை. "பொடி வைத்துப் பேசுகிறான்" என்கிற வழக்கே இந்தப் பட்டறையிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். உருகிய பொடி சூடு எங்கே அதிகமோ அங்கே ஓடும். கனமான பட்டியோடு மெல்லிய வளையத்தைப் பற்றும்போது தீயைக் கனமான பக்கம் காட்டினால்தான் பொடி இரண்டுக்கும் நடுவே இறங்கும். மெல்லிய பக்கம் காட்டினால் பொடி முழுவதும் அங்கே ஏறிக்கொள்ளும். மூட்டு ஒட்டியதுபோல் இருக்கும், இழுத்தால் வந்துவிடும். மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பொடி பரவாமல் உருண்டு நிற்கும். தீ கூடினால் பக்கத்து வளையங்களும் சேர்ந்து ஒட்டி, சங்கிலி அந்த இடத்தில் குச்சிபோல் விறைக்கும்.

இந்தக் கடைசிக் குறையை நீங்களே கண்டுபிடிக்கலாம். வாங்கும்போது கொலுசை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பிறகு ஆள்காட்டி விரலின்மேல் போட்டு மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். நல்ல கொலுசு தண்ணீர்போல் விரலைத் தழுவி இறங்கும். எங்காவது ஒரு இடத்தில் விரலைவிட்டு எழும்பி நின்றால் அங்கே வளையம் ஒட்டியிருக்கிறது. அறுந்தால் முதலில் அறுவது அதற்கு அடுத்த வளையம்தான்.

பொடியில் காட்மியம் கலந்தால் வேலை சுலபம், ஆனால் அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும் விஷம். ஒதுக்குப்புற அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுகிறவர்களுக்கு இது வாழ்நாள் பிரச்சினை. கொலுசுக் கூலியைப் பேரம் பேசும்போது இந்த நெருப்புக்குமுன் உட்கார்ந்திருப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகர்: 150 கிராம் கொலுசு வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து விற்கப் போனால் வெள்ளி விலை ஏறியும் கையில் குறைவாகவே தந்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கொலுசில் எல்லாமே டச்சில்தான் இருக்கிறது. 80 டச் என்றால் 100 கிராமில் 80 கிராம் சுத்த வெள்ளி. உங்கள் 150 கிராமில் வெள்ளி 120 கிராம். கணக்குக்காகச் சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் வெள்ளி மதிப்பு 12,000 ரூபாய். கடையில் கூலி, சேதாரம் சேர்த்து 15,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 450 ரூபாய். நீங்கள் கொடுத்தது 15,450. அதே விலை நிலவும் நாளில் திருப்பிக் கொடுத்தால் 12,000-க்குமேல் யாரும் தர வழியில்லை. அதிலும் உருக்கும்போது அழுக்கு, மெழுகு, எனாமல், கல் எல்லாம் கழியும். ஆக, வெள்ளி விலை கால் பங்குக்குமேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். கூலி என்பது செலவு, சேமிப்பு அல்ல. சேமிப்புக்கு வெள்ளி வேண்டுமானால் கட்டியாக வாங்குங்கள். கொலுசு, கால் நிறையப் போட்டுக்கொள்வதற்கு.

ஏமாற்று நுழைகிற இடம் வேறு. 80 என்று சொல்லி விற்றது உருக்கிப் பார்த்தால் 76 நிற்கும். 150 கிராமுக்கு வெள்ளி 114-தான், 6 கிராம் காணோம். இதற்கு ஒரே காப்பு, பில்லில் எடை, டச், கூலி மூன்றும் தனித்தனியாக எழுதியிருப்பது. மொத்தமாக ஒரு தொகை போட்டு "வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி" என்று எழுதிய பில் வழக்குக்கும் உதவாது, மறுவிற்பனைக்கும் உதவாது.

இன்னொன்று. மெஷினில் வைத்து டச் காட்டுகிறார்களே, அது எக்ஸ்ஆர்எஃப் என்கிற கருவி. பொருளின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். செய்து முடித்த கொலுசை அமிலத்தில் போட்டு எடுக்கும்போது மேற்பரப்பில் இருக்கும் செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் மிஞ்சும். மேலே முலாம் போட்டிருந்தால் இன்னும் மோசம். உள்ளே 70 இருக்கும் கொலுசு மேலே 90 காட்டலாம். மறைவான இடத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டு அங்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொடி சேர்ந்திருக்கும் மூட்டின்மேல் வைத்தால் குறைத்துக் காட்டும், அது கடைக்காரருக்கு அநியாயம். வளையத்தின் நடுப்பகுதிதான் சரியான இடம்.

கரூர் வாசகி: தங்கம்போல வெள்ளிக்கும் ஹால்மார்க் உண்டா?

உண்டு, ஆனால் கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் போடும் வெள்ளிப் பொருளுக்கும் ஆறு எழுத்து-எண் அடையாளக் குறி தருகிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியை அடித்தால் விவரம் வரும். தர வரிசையில் கீழ்ப்படி 800, அதாவது 80 டச். அதற்குமேல் 835, 925 என்று ஏறும். 80-க்குக் கீழே உள்ள கொலுசுக்கு ஹால்மார்க் கிடைக்காது. அதனால் 70 டச் கொலுசைக் காட்டி "ஹால்மார்க் வரும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

திருச்செங்கோடு வாசகி: மகளுக்கு வாங்கிய கொலுசு ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. கலப்படமா? உடம்புச் சூடு என்கிறார் மாமியார்.

உடம்புச் சூட்டின்மேல் பழி போட வேண்டாம். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. சுத்த வெள்ளியும் கறுக்கும். செம்பு கூடின கொலுசு இன்னும் சீக்கிரம் கறுக்கும். பீரோவில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி வைத்தால் பேண்ட் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள், ரப்பரில் கந்தகம் உண்டு.

வீட்டிலேயே சரிசெய்யலாம். ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் மேலே வருமாறு விரித்து, கொலுசு அந்தத் தாளைத் தொடும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, பொங்கி அடங்கியதும் கொலுசு மூழ்க ஊற்றுங்கள். சில நிமிடத்தில் கறுப்பு தாளுக்குப் போய்விடும். லேசாக அழுகின முட்டை வாசம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கொலுசு தாளைத் தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். தேய்க்க வேண்டியதில்லை என்பதால் வெள்ளியும் தேயாது. பற்பசை போட்டுத் தேய்ப்பவர்கள் கறுப்போடு வெள்ளியையும் அரைத்து எடுக்கிறார்கள்.

எனாமல், ஒட்டு வைத்த கல், வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய பழைய பாணிக் கொலுசு ஆகியவற்றை மட்டும் இந்த நீரில் போடாதீர்கள். அவற்றுக்குப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

மேட்டூர் வாசகி: சலங்கை சத்தமே வரவில்லை. உள்ளே பரல் விழுந்துவிட்டதா?

காதருகே வைத்துக் குலுக்குங்கள். லேசாக உரசும் சத்தம் வந்தால் பரல் உள்ளேதான் இருக்கிறது, சோப்பும் அழுக்கும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சலங்கையின் வாய் கீழே பார்க்கும்படி உதறி, துணியின்மேல் இரவு முழுவதும் கவிழ்த்து வையுங்கள். ஈரம் உள்ளே நின்றால் திரும்பவும் ஊமைதான். சுத்தமாக அமைதியாக இருந்தால் பரல் போய்விட்டது, அல்லது சலங்கை நசுங்கியிருக்கிறது. நசுங்கியதை ஊசியால் நெம்பாதீர்கள், வாய் கிழியும். பட்டறையில் அந்த ஒரு சலங்கையை மாற்றித் தருவார்கள்.

கொலுசின் அளவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கணுக்காலின் பருத்த இடத்துக்குக் கீழே நூலைச் சுற்றி அளந்து, அதோடு அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் சேருங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10, 10½ அங்குலம் வரும். சாயங்காலம் அளப்பது நல்லது. நாள் முழுவதும் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கிய கொலுசு மாலையில் தடம் பதிப்பது இதனால்தான்.

சங்ககிரி வாசகர்: செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் பொங்கலுக்கு வெல்லம் வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் இருக்கிற மண்டியைச் சொல்கிறீர்கள். சுற்றுவட்டார ஆலைகளிலிருந்து சிப்பம் சிப்பமாக வந்து ஏலம் போகும். வீட்டுக்கு இரண்டு கிலோ வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் சில்லறைக் கடைகள்தான் வசதி.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வெளுத்த மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருக்கும் வெல்லம் நல்ல வெல்லம் அல்ல. கரும்புச்சாறு காய்ந்தால் இயல்பாக வருவது பழுப்பு. அதை வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறார்கள். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆலைக்காரர் நிறத்தைக் கூட்டுவது வாங்குகிறவர் நிறம் கேட்பதால்தான். நாம் பழுப்பைக் கேட்க ஆரம்பித்தால் ஹைட்ரோஸ் தானாகக் குறையும்.

ஒரு துண்டை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கொஞ்சம் மண், கரும்புச் சக்கை அடியில் தங்குவது இயல்பு. வெள்ளையாக மாவுபோல் படிந்தால் சுண்ணப் பொடியோ மைதாவோ கலந்திருக்கிறது. உடைத்த முகத்தில் சர்க்கரைக் குருணைபோல் பெரிதாக மின்னினால் சீனி சேர்த்துக் காய்ச்சியது என்ற சந்தேகம் வர வேண்டும்.

ஓமலூர் வாசகர்: வண்டி வேடிக்கை என்றால் என்ன? எப்போது வந்தால் பார்க்கலாம்?

ஆடியில் கோட்டை மாரியம்மனோடு சேலத்துப் பேட்டைகளின் மாரியம்மன்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் திருவிழா நடக்கும். அதில் செவ்வாய்ப்பேட்டைக்கும் குகை என்கிற பகுதிக்கும் உரிய பெருமை வண்டி வேடிக்கை. அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடமும் புராணக் காட்சியுமாக மனிதர்களே அசையாமல் நிற்க, வண்டிகள் வரிசையாக ஊர்வலம் போகும். முன்பு மாட்டுவண்டி, இப்போது லாரியும் உண்டு. நாள் ஆண்டுதோறும் பூச்சாட்டுதலை வைத்துத்தான் அமையும், கோயில் நோட்டீஸைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று பஜாருக்குள் கார் நுழையாது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடப்பதே உத்தமம்.

ராசிபுரம் வாசகி: சேலத்துத் தட்டு வடை செட் வீட்டில் செய்தால் ஒரு நிமிடத்தில் நமுத்துவிடுகிறது. தள்ளுவண்டியில் மட்டும் எப்படி மொறுமொறுப்பாக இருக்கிறது?

செட் என்பது இரண்டு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் பீட்ரூட், கேரட் துருவலும் வைத்தது. தவறு தட்டையில் பாதி, பீட்ரூட்டில் பாதி.

தட்டைக்கு: பச்சரிசி மாவு 200 கிராம், பொட்டுக்கடலை மாவு 30 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 20 கிராம், வெண்ணெய் 20 கிராம், அரை மணி ஊறின கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு. வெண்ணெயை முதலில் உலர்ந்த மாவில் பிசறிவிட்டுப் பிறகு தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். நெல்லிக்காய் அளவு உருண்டையை இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தட்டி, முள்கரண்டியால் குத்துங்கள். குத்தாவிட்டால் பூரிபோல் உப்பி, உள்ளே ஈரம் தங்கும். மிதமான தீயில், எண்ணெயில் சலசலப்பு முழுவதும் அடங்கும்வரை விடுங்கள். நிறம் வந்துவிட்டதே என்று சத்தம் அடங்குமுன் எடுத்தால் ஆறியதும் நமுக்கும். முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும்.

பீட்ரூட், கேரட்டைத் துருவி, சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து ஒட்டப் பிழியுங்கள். வண்டிக்காரர் துருவலைக் கைப்பிடியாக அள்ளி ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் வைப்பார், கவனித்துப் பாருங்கள். சட்னி இரண்டும் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்க வேண்டும்: ஒன்று காய்ந்த மிளகாயும் பூண்டும், இன்னொன்று கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய். கீழ்த்தட்டையில் ஒரு சட்னி, நடுவில் துருவலும் பொடியாக அரிந்த வெங்காயமும், மேல்தட்டையின் உள்பக்கம் அடுத்த சட்னி. மூடி, கையில் கொடுத்துவிடுங்கள். தட்டில் அடுக்கி வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டால் முதலில் அடுக்கினது நமுத்துத்தான் இருக்கும். விருந்தினர் வரிசையில் வரட்டும், செட்டை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.